மாசியில் பூக்கும் காட்டு மூலை: தும்பை, ஆவாரம், பூளைப்பூவை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் வழி

வீட்டுத் தோட்டம் என்றதும் நர்சரிக்குப் போய் ரோஜாவும் செம்பருத்தியும் வாங்கி வருகிறோம். தை பிறந்ததும் சாலையோரத்திலும் காலி மனையிலும் பூத்துக் கிடக்கிற தும்பைக்கும் ஆவாரத்துக்கும் யாரும் காசு கொடுக்க வேண்டாம், உரம் போட வேண்டாம். அதே செடி நம் காம்பவுண்டுக்குள் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிந்துவிடுகிறோம். எதைப் பிடுங்குவது, எதை விடுவது, எந்த மாதத்தில் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் போதும். ஆறடிக்கு நாலடி இடத்தில் தை முதல் பங்குனி வரை பூ நிற்கும்.

முதலில் காலக்கணக்கு. பனி உருகி மொட்டு விரியும் வசந்தம் குளிர்நாட்டுச் சங்கதி. தமிழ்நாட்டுச் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்த பிறகு மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. மழையில் முளைத்த ஓராண்டுச் செடிகள் மண் காய்வதற்குள் பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டுப் போக வேண்டும். அந்த அவசரம்தான் நம் ஊர் பூக்காலம். ஆக, மாசிப் பூவுக்கு வேலை ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கிவிடுகிறது. இதை மாசியில் படித்து ஆசைப்படுகிறவர்கள் இப்போது விதை மட்டும் சேகரித்து வைக்கலாம். பூ அடுத்த வருடம்தான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மாதக்கணக்கு பொருந்தாது.

எந்தெந்தச் செடி

இணையத்தில் ‘காட்டுப்பூ கலவை’ என்று விற்கிற பாக்கெட்டுகளை வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் காஸ்மாஸ், ஜினியா மாதிரி வெளிநாட்டுத் தோட்டச் செடிகளின் விதைதான் இருக்கும். பூ அழகாகத்தான் வரும். ஆனால் நம் ஊர்ப் புழுக்களுக்கு அந்த இலை ஆகாது. புழு இல்லாத இடத்தில் வண்ணத்துப்பூச்சியும் நிலைக்காது.

தொடக்கத்துக்கு ஏழெட்டுச் செடி போதும். முன்வரிசைக்கு விஷ்ணுகிராந்தி. தரையோடு தரையாகப் படர்ந்து, சட்டைப் பொத்தானை விடச் சின்ன நீலப் பூ விடும். காலையில் விரிந்து வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். பத்து மணிக்கு எழுந்திருப்பவர்களுக்கு இந்தப் பூ கொடுத்து வைக்கவில்லை. அதன் பக்கத்தில் கிணற்றடிப் பூண்டு. வெட்டுக்காயப் பூண்டு என்றும் மூக்குத்திப் பூ என்றும் சொல்கிற அதே செடிதான். சின்ன வயதில் வெட்டுப்பட்ட இடத்தில் இலையைக் கசக்கிப் பிழிந்திருப்போமே, அது. உண்மையில் இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்ட செடி. நான் இதைப் பிடுங்குவதில்லை. விரல்நுனி அகலமே உள்ள நீல வண்ணத்துப்பூச்சிகளும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் நாள் முழுக்கச் சுற்றுவது இதைத்தான். கறாராக ‘நாட்டுச் செடி மட்டும்’ என்பவர்கள் எடுத்துவிடலாம்.

நடுவரிசை தும்பைக்கும் பூளைப்பூவுக்கும். தும்பை முழங்கால் உயரம் வரை வரும். பூளைப்பூவைச் சிறுபீளை என்றும் கண்ணுப்பிள்ளை என்றும் சொல்வார்கள். கணுவுக்குக் கணு வெள்ளைப் பஞ்சாகப் பூக்கும். கொங்கு வட்டாரத்தில் போகியன்று காப்புக் கட்ட இந்தப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும்தான் வேண்டும். நகரங்களில் அந்த ஒரு நாள் மட்டும் கட்டுக் கட்டாக விலைக்கு வரும். கொல்லையில் இரண்டு செடி நின்றால் சந்தைக்குப் போகிற வேலை மிச்சம்.

பின்வரிசையில், சுவர்ப் பக்கமாக, ஆவாரம், துத்தி, கிலுகிலுப்பை. ஆவாரம் பல வருடம் நிற்கிற புதர்ச்செடி, ஆள் உயரம் வரை போகும். வெட்டி வெட்டி இடுப்பளவில் வைத்துக்கொள்ளலாம். தெலங்கானாவின் மாநில மலரும் இதுதான். துத்தியின் மஞ்சள் பூ பிற்பகலுக்கு மேல் விரியும், அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற செடி. கிலுகிலுப்பை அவரைக் குடும்பம். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை குலுங்கும். வேலி இருந்தால் சங்குப்பூவை ஏற்றிவிடுங்கள்.

எருக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். இடம் தாராளமாக இருந்து, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லையென்றால் வைக்கலாம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கு இலையில்தான். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. ஒடிக்கும்போது கவனம் வேண்டும். நெருஞ்சிக்குப் பூ அழகு, முள் அதைவிடக் கூர்மை. வெறுங்காலோடு நடக்கிற வீட்டில் அது வேண்டாம்.

விதை சேகரிப்பு: மாசி முதல் சித்திரை வரை

தரிசு, சாலையோரம், தெரிந்தவர் தோட்டம் போதும். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்காதீர்கள், அது குற்றம். மருந்தடித்த வயல் வரப்பிலிருந்தும் வேண்டாம். ஒரு இடத்தில் பத்துச் செடி இருந்தால் இரண்டு மூன்றிலிருந்து மட்டும் எடுங்கள்.

தும்பையில் பூ உதிர்ந்த பிறகு கணுவில் இருக்கும் பச்சைக் கொத்து பழுப்பாகக் காயும். அந்தக் காம்பை ஒடித்து ஒரு பேப்பர் மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் பொடிப்பொடியாக விதை விழும். பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முற்றியிருக்காது. பூளைப்பூவின் காய்ந்த கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் போதும், பஞ்சோடு சேர்த்தே தூவலாம். ஆவாரத்தின் தட்டைக் காய் காகிதம்போலச் சரசரக்கும் வரை செடியிலேயே விடுங்கள். துத்திக் காய் சக்கரம் மாதிரி இருக்கும். முற்றினால் கறுத்து, பிளவு பிளவாகத் திறக்கும். விஷ்ணுகிராந்தியை மட்டும் விதையில் கொண்டுவருவது சிரமம். மழை பெய்த மறுநாள் வேரோடும் மண்ணோடும் ஒரு கைப்பிடி பெயர்த்து வந்து வைப்பதே சுலபம்.

விதைகளை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, பேப்பர் கவரில் போட்டு, பெயரும் எடுத்த மாதமும் எழுதி வையுங்கள். பாலிதீன் கவரில் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும்.

இடமும் மண்ணும்: ஆவணி, புரட்டாசி

ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். தென்னைக்கு அடியில் ஓரளவு வரும், மாமரத்துக்கு அடியில் வராது. வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளியே தொடங்குங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் செடிகளுக்கு மண் ஏழையாகவே இருக்கட்டும். தொழு உரம், மண்புழு உரம், பஞ்சகவ்யம் எதுவும் வேண்டாம். சத்து ஏறினால் தும்பை இலையாகவே வளர்ந்து சாயும். அதற்கு முன்னால் புல் மேலேறி எல்லாவற்றையும் மூடிவிடும். செம்மண், சரளை, கட்டடம் கட்டிய மிச்ச மணல் கலந்த மண், எல்லாம் சரிதான். களிமண் என்றால் மட்டும் மணல் கலந்து அரையடி மேடாக்கிக் கொள்ளுங்கள். கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகும்.

இனி, அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை. இடத்தை மூன்று அங்குலம் மட்டும் கொத்துங்கள். ஆழமாகக் கொத்தினால் பழைய களைவிதைகள் மேலே வந்துவிடும். கொத்தும்போது கிடைக்கிற கோரைக்கிழங்கை எல்லாம் பொறுக்குங்கள். கோரையை மேலாக அறுத்தால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். கிழங்கோடு எடுத்தால்தான் ஓயும். அருகம்புல் தண்டும் அப்படியே. பிறகு தண்ணீர் தெளித்துவிட்டுச் சும்மா இருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சை பிடிக்கும். அந்த முளைப்பைக் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு முறை தண்ணீர். இப்படி இரண்டு சுற்று போனால் பின்னால் வரும் களை வேலையில் பாதி குறைந்துவிடும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். கார்த்திகையில் புல்லுக்குள் தும்பையைத் தேடிக்கொண்டிருப்பதும் அவர்கள்தான்.

விதைப்பு: ஐப்பசியின் முதல் நல்ல மழை

ஆவாரம், கிலுகிலுப்பை, சங்குப்பூ மூன்றுக்கும் விதைத்தோல் கெட்டி. ஆவாரம் விதையை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து, கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஊதிப் பருத்த விதைகள் தயார். ஊதாததை மறுபடி தேய்த்து ஊற வையுங்கள். சங்குப்பூவுக்குச் சாதாரணத் தண்ணீரில் ஒரு இரவு போதும். இவற்றை அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். ஆவாரத்துக்கு ஆவாரம் மூன்று நான்கடி இடைவெளி விடுங்கள்.

தும்பை, பூளை, கிணற்றடிப் பூண்டு விதைகளைப் புதைக்கக் கூடாது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு ஆற்றுமணல் கலந்து தூவி, ஒரு பலகையை வைத்து மேலே ஏறி நின்று அழுத்துங்கள். மண்ணோடு ஒட்டினால் போதும். மழை வரும் என்று தெரிகிற சாயங்காலம் தூவுவது நல்லது. காய்ந்த மண்ணில் நாலு நாள் கிடந்தால் எறும்பு சுமந்துகொண்டு போய்விடும்.

இதோடு ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு விதையிலும் சிட்டிகை எடுத்துத் தனித்தனிக் கொட்டாங்குச்சியில் மண் போட்டு விதைத்து, பெயர் எழுதித் திண்ணையில் வையுங்கள். பாத்தியில் முளைப்பது எது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் கொட்டாங்குச்சியைப் பார்த்து ஒப்பிடலாம். நாற்று வயதில் எல்லாச் செடியும் ஒரே மாதிரித்தான் தெரியும். கைபேசிச் செயலிகளும் அந்த வயதுச் செடியில் அடிக்கடி தடுமாறும்.

பிடுங்கும் மாதம்: கார்த்திகை, மார்கழி

முழு வேலையும் இந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு காலை, மண் ஈரமாக இருக்கும்போது, உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் எல்லாம் வெறும் பச்சைதான்.

தும்பை நாற்றின் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் சதுரமாக நிரடும். இலைகள் எதிரெதிரே, நீண்டு ஒடுங்கி இருக்கும். கசக்கினால் காரமான வாசனை வரும். பூளைச் செடியின் இலை சாம்பல் படிந்த பச்சை, தொட்டால் மெத்தென்று இருக்கும். துத்தி இலைக்கு இதய வடிவம், அதிலும் பூனைமுடி. கிணற்றடிப் பூண்டின் இலை ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும், சொரசொரப்பு. இவற்றை விடுங்கள்.

கேரட் இலை மாதிரி நுணுக்கமாகப் பிரிந்து, தரையில் வட்டமாகப் படுத்திருப்பது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950-களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய செடி. சிலருக்குத் தோலில் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு உண்டாக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அதனால் பூ விடும் முன் கையுறை போட்டு வேரோடு எடுத்துவிட வேண்டும். பூத்துவிட்டது என்றால் ஒரு பையை மேலே கவிழ்த்து, அதற்குள் வைத்தே பிடுங்குங்கள். உண்ணிச்செடிக்கும் இடம் கொடுக்காதீர்கள். வண்ணத்துப்பூச்சி வரும் என்று நர்சரிகளில் அதை விற்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ கொண்டு போகும். முதுமலை போன்ற காடுகளில் மற்றச் செடிகளை எழவிடாமல் மண்டிக் கிடப்பது இதே செடிதான்.

நாயுருவியும் குப்பைமேனியும் உங்கள் விருப்பம். நாயுருவி விதை புடவையிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். குப்பைமேனியின் வேருக்கு அக்கம்பக்கத்துப் பூனைகள் எல்லாம் வந்து புரளும்.

மிச்ச வேலை, நெருக்கத்தைக் குறைப்பது. தும்பைக்குத் தும்பை அரையடி விட்டு நடுவில் இருப்பதைப் பிடுங்குங்கள். நன்றாக முளைத்த செடியைப் பிடுங்க மனம் வராது. ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும். நெருக்கமாக நிற்கிற தும்பை கிளை விடாமல் குச்சியாக நீண்டு, இரண்டு கணு பூத்ததோடு நின்றுவிடும்.

மல்லிகை வைத்திருப்பவர்கள் அதன் கவாத்தையும் நவம்பர் கடைசி வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் பங்குனியில் மொட்டுக் கட்டும். காட்டுப் பூக்கள் அடங்குகிற நேரத்தில் மல்லிகை தொடங்குவதால் தோட்டம் வெறிச்சென்று இருக்காது.

தை, மாசி: பார்க்கிற காலம்

மழை நின்ற பிறகு வாரம் ஒரு முறை தண்ணீர் காட்டினால் பங்குனி வரை ஓடும். தினமும் ஊற்றினால் புல்தான் செழிக்கும். மருந்து எதுவும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசல்கூட. ஆவாரத்தின் கொழுந்தைப் பச்சைப் புழு மொட்டையடித்திருந்தால் அது வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். செடி தாங்கும், கொஞ்ச நாளில் திரும்பத் துளிர்க்கும்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஆவாரம் முன்னால் நின்று பாருங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் சும்மா உதிராது. மகரந்தப் பையின் முனையில் ஊசித்துளை அளவுதான் வழி இருக்கும், மூடியில் துளை போட்ட உப்பு டப்பா மாதிரி. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுமே, அந்தப் பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிர வைக்கும். அப்போது ‘ர்ர்ர்’ என்று சத்தம் மாறுவது காதுக்கே கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டி வண்டின் வயிறு மஞ்சளாகிவிடும். தும்பையில் வேறு ஏற்பாடு. கீழுதடு வெள்ளையாக நீட்டிக்கொண்டு இறங்குதளமாக இருக்கும். மேலுதடு முடி அடர்ந்து குடைபோல வளைந்திருக்கும். தேனீ தலையை உள்ளே விட்டதும் மேலிருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் பூசிக்கொள்ளும்.

கிலுகிலுப்பையை நடச் சொன்னதற்குக் காரணம் பூ மட்டும் இல்லை. அதன் காய்ந்த, அடிபட்ட பாகங்களில் நீல வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் கூட்டமாக வந்து உட்காரும். அதிலிருக்கும் ஒருவகை நச்சுப்பொருளை உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கும் வாசனைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. அதே நச்சு ஆடு மாடுகளுக்கு ஆகாது. கால்நடை உள்ள வீட்டில் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். வெட்டிய கழிவைத் தொழுவத்தில் போடாதீர்கள். பொதுவாகவே, இங்கே சொன்ன செடி எதையும் மருந்து என்று நினைத்து நீங்களாகச் சாப்பிட வேண்டாம். அதற்குச் சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பாம்பு வராதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும் ஒளிவிடத்துக்கும். அதனால் காட்டு மூலைக்குள் செங்கல், ஓடு, விறகு, காய்ந்த மட்டை எதையும் குவிக்காதீர்கள். உயரமான செடியெல்லாம் பின்வரிசையில் மட்டும் இருக்கட்டும். சுவருக்கும் பாத்திக்கும் நடுவில் மூன்றடி விடச் சொன்னது இதற்குத்தான். அந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருங்கள். பாத்தியைச் சுற்றி நடக்க வழி வேண்டும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் அங்கே கை வைக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தார் ‘புதர் மண்டிக் கிடக்கே’ என்பார்கள். பாத்தியைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் பதித்து, முன்னால் நாலு செவ்வந்தியும் வைத்துவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும். வேண்டுமென்று வளர்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

மொட்டை மாடியில்

அகலமான, அரையடி ஆழத் தொட்டி எடுத்து, இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மணலும் நிரப்பினால் தும்பை, விஷ்ணுகிராந்தி, கிணற்றடிப் பூண்டு மூன்றும் வரும். ஆவாரத்துக்குப் பதினைந்து அங்குல வளர்ப்புப் பை வேண்டும். சங்குப்பூவைக் கைப்பிடிக் கம்பியில் ஏற்றலாம். மாடியில் மண் சீக்கிரம் காய்வதால் மாசியிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வேண்டியிருக்கும்.

பங்குனிக்குப் பிறகு

பாத்தி பழுப்பேறி அசிங்கமாகத் தெரியத் தொடங்கும். உடனே வெட்டிவிடாதீர்கள். தும்பைக் கொத்துகள் காய்ந்து விதை தானாகக் கொட்டட்டும். சித்திரை பாதியில், பாதிச் செடியை மட்டும் தரையோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள். எரிக்க வேண்டாம், மேல் மண்ணில் கிடக்கிற விதையும் சேர்ந்து போய்விடும். மிச்சப் பாதியை ஆடியில் வெட்டிக்கொள்ளலாம். ஆவாரத்தை இந்தச் சமயத்தில் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மழைக்குப் புதுக்கிளை வைக்கும்.

இரண்டாம் வருடம் தும்பை நீங்கள் தூவாமலே முளைக்கும், அளவுக்கு மீறியும் முளைக்கும். கார்த்திகையில் தயங்காமல் முக்கால்வாசியைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விஷ்ணுகிராந்தி நிழலில் மாட்டிக் காணாமல் போகும். பூளை குறைந்திருந்தால் அதை மட்டும் மறுபடி தூவுங்கள். முதல் வருடம் ஊன்றியும் முளைக்காத ஆவாரம் விதைகள் இந்த மழைக்குத் தலைகாட்டுவதுண்டு. அதனால் பின்வரிசையைக் கொத்துவதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.